நெர்வஸா, ஆங்ஷியஸா? பதற்றத்துக்கு ஏற்ற ஆங்கிலச் சொல்

தேர்வுக்கோ நேர்காணலுக்கோ போகும் முன் "ஐ ஆம் டென்ஷன்" என்று சொல்லாதீர்கள். டென்ஷன் பெயர்ச்சொல்; 'நான் பதற்றம்' என்பதுபோல ஆகிவிடும். "ஐ ஆம் நெர்வஸ்" என்பதே சரி. கை நடுங்கும், வாய் உலரும், காரியம் முடிந்ததும் தானாக அடங்கிவிடும் படபடப்பு அது.

முடிவு தெரியாமல் நாள்கணக்கில் மனதை அரித்தால் அது ஆங்ஷியஸ். பலர் சறுக்குவது இங்கேதான். பின்னால் 'அபௌட்' வந்தால் கவலை. 'டு' வந்து வினைச்சொல் தொடர்ந்தால் பெரும்பாலும் ஆவல். "ஆங்ஷியஸ் அபௌட் மீட்டிங் ஹெர்" என்றால் அவரைச் சந்திப்பதை நினைத்தாலே கலக்கம். "ஆங்ஷியஸ் டு மீட் ஹெர்" என்றால் எப்போது சந்திப்போம் என்ற துடிப்பு. மாற்றிச் சொன்னால் கேட்பவர் உங்களைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

காரணம் இன்னதென்று தெரிந்தால் வொரீட் போதும். அலுவலக மின்னஞ்சலில் அதையே கன்சர்ன்ட் என்று எழுதினால் நிதானமாக ஒலிக்கும். அதோடு 'அபௌட்' சேருங்கள்; 'வித்' போட்டால் பெரும்பாலும் 'தொடர்புடைய' என்ற பொருளுக்குப் போய்விடும்.

அன்ஈஸி தனி ரகம். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தாயிற்று, பிழை எதுவும் தென்படவில்லை, ஆனாலும் எங்கோ நெருடுகிறது, கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

ஆப்ரிஹென்சிவ், இனி வரப்போவதை எண்ணி அஞ்சுவது. நடந்து முடிந்ததற்குப் பொருந்தாது. பேச்சில் சற்றுக் கனமாக ஒலிக்கும் என்பதால் எழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.