கார்பன் துகளொளியால் டெட்ராசைக்ளின் அளத்தல்

டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் அளவை, ஒளிரும் கார்பன் நுண்துகள்களின் ஒளிர்வு எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு அளக்கும் முறை இது. முதலில் துகள்களைத் தயாரிக்க: சிட்ரிக் அமிலம் 1.05 கிராம், எத்திலீன்டைஅமீன் 335 மைக்ரோலிட்டர், நீர் 10 மில்லிலிட்டர்: டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலன்) 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம். முழுக்க ஆறாமல் திறக்கவே கூடாது. பிறகு டயாலிசிஸ் செய்யுங்கள் (சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றுவது). வினையில் துணையாக உண்டாகும் சிறு மூலக்கூறுகளும் ஒளிரும்.

360 நானோமீட்டரில் உட்கவர்திறன் (ஒளியை உறிஞ்சும் அளவு) 0.1க்குக் கீழே வரும்வரை துகள் கரைசலை, பிஹெச் மாறாமல் காக்கும் பாஸ்பேட் பஃபரில் (பிஹெச் 7) நீர்க்கச் செய்து, டெட்ராசைக்ளின் சேருங்கள். 360-இல் தூண்டி, 443 நானோமீட்டர் அருகே ஒளிர்வைப் படியுங்கள்.

ஒளிர்வு குறைய முக்கியக் காரணம், மருந்தே 360-இல் ஒளியை விழுங்குவது. அதனால் அங்கே ஒளி உட்கவரும் எந்தக் கலப்படமும் பொய் விடை தரும். இதுதான் இம்முறையின் பெரிய பலவீனம். மாதிரியிலேயே தெரிந்த அளவு மருந்தைக் கூட்டிக் கூட்டி அளப்பது ஓரளவுதான் உதவும்; குறுக்கிடும் பொருளை முன்பே பிரித்தெடுப்பதே நல்லது. ஒளியில் டெட்ராசைக்ளின் சிதையும். கரைசலை அன்றன்றே தயாரித்து, இருட்டில் வையுங்கள்.