கயிறு யார் கையில்? சேலத்திலிருந்து பிரிட்டன் கிளம்புகிறவர்களுக்கு நாய்ச் சட்டம்

சேலத்தில் ஒருவரை நாய் கடித்துவிட்டால் முதல் கேள்வி "ஊசி போட்டாச்சா?" என்பதுதான். யார் நாய் என்று கேட்டுப் பயனில்லை. குகை, அம்மாப்பேட்டை பகுதிகளில் தெருமுனையில் படுத்திருப்பது நாலு வீட்டுச் சோறு தின்னும் நாய், அதற்கு உரிமையாளர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஏற்காட்டு எஸ்டேட் நாய்களுக்கு முதலாளி உண்டு, ஆனால் அங்கே கடிபட்டால் "நீ எதுக்குத் தோட்டத்துக்குள்ள போன?" என்று கடிபட்டவனைத்தான் திட்டுவார்கள். நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. தன் பொறுப்பில் உள்ள பிராணியைக் கவனக்குறைவாக விட்டு அதனால் ஆளுக்கு ஆபத்து வரும்படி ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு, ஆனால் அதுவரை யார் போகிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து வாசலிலேயே பேசி முடித்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தோடு இங்கிலாந்தில் போய் இறங்கினால் சிக்கல். அங்கே தெருநாய் கண்ணில் படுவதே அபூர்வம். கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும், தோலுக்கடியில் மைக்ரோசிப் (2016 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் கட்டாயம்) என்று ஒவ்வொரு நாய்க்கும் ஓர் ஆளை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள், நாய் செய்ததற்கு அந்த ஆள் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆள் என்றால் காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் இல்லை, அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவரும்தான். புதிதாகப் போகிற நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், ஏனென்றால் போன கையோடு யாரும் நாய் வாங்குவதில்லை, ஆனால் அடுத்தவர் நாயைப் பிடித்துக்கொள்ளும் சந்தர்ப்பம் சீக்கிரமே வந்துவிடும்.

நான் லீவில் ஊருக்கு வந்த இடத்தில், செப்டம்பரில் பிரிட்டனுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் சிலர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மொட்டை மாடியில் கூடி என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வங்கிக் கணக்கு, அறை வாடகை, குளிர் கோட்டு எல்லாம் கேட்டார்கள். நாயைப் பற்றி ஒரே ஒருவன்தான் கேட்டான், அதுவும் சம்பாத்தியக் கணக்கில்: "அண்ணா, நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போனா மணிக்கு இவ்ளோன்னு குடுக்கறாங்களாமே?"

கொடுக்கிறார்கள்தான். ஆனால் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, ஆப் வழியாக ஆள் பிடித்து நாய் நடத்துவது சுயதொழில் கணக்கில் வரும், வாரத்துக்கு 20 மணி நேர வரம்புக்குள்தானே செய்கிறேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முறையாகச் சம்பளச் சீட்டு கொடுக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அது வேறு கதை. விசாவை விடுங்கள். 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தில், கட்டுப்பாட்டை மீறிப் போகும் நாய்க்கு உரிமையாளரும் பொறுப்பு, அப்போது அதை வைத்திருந்தவரும் பொறுப்பு. "தகுதியான ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனேன்" என்று உரிமையாளர் நிரூபித்தால் அவர் தப்பிக்கக்கூட வழி இருக்கிறது, கயிறு பிடித்த உங்களுக்கு அந்த வழி கிடையாது. ஆளுக்குக் காயம் பட்டால் ஐந்து ஆண்டு வரை, உயிர் போனால் 14 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு.

கடித்தால்தான் குற்றம் என்றும் இல்லை. கடித்துவிடுமோ என்று ஒருவர் நியாயமாகப் பயப்படும்படி நாய் நடந்துகொண்டாலே அது கட்டுப்பாட்டை மீறிய நாய். முன்பெல்லாம் பொது இடத்துக்கு மட்டும் இருந்த இந்த விதி 2014லிருந்து சொந்த வீடு, தோட்டம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. அத்துமீறி வீட்டுக்குள் நுழைகிறவன் விஷயத்தில் மட்டும் விலக்கு உண்டு. ஆக, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாப்பேட்டையிலிருந்து வந்திருக்கும் அப்பாவிடம், "சும்மாதானே இருக்கீங்க, டாமியை ஒரு சுத்து கூட்டிட்டுப் போய்ட்டு வாங்கப்பா" என்று கயிற்றைக் கொடுத்து அனுப்பும் மகனுக்கு ஒரு வார்த்தை. அந்த அரை மணி நேரம் சட்டப்படி நாய் அப்பாவின் பொறுப்பு. பாவம் ஓடட்டும் என்று அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அது ஒரு சைக்கிள்காரர் மேல் பாய்ந்தால் போலீஸ் அப்பாவிடம்தான் பேசும். பெரிய பிரச்சினை இல்லை, இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று 'காஷன்' (குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீஸ் பதியும் எச்சரிக்கை) எழுதி வாங்கினால் அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள், அடுத்த விசா விண்ணப்பத்திலும் நிரந்தர வசிப்புரிமைக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். காவல் நிலையத்தில் விசாரிக்கும்போது வக்கீல் ஆலோசனை இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கடிபடுகிற பக்கம் இருந்தால்?

பூங்காவில் கயிறு இல்லாமல் நாய் ஓடுவது அங்கே சகஜம், நாடு முழுக்கக் கயிறு கட்டாயம் என்றெல்லாம் சட்டம் கிடையாது, சில இடங்களில் மட்டும் கவுன்சில் (உள்ளாட்சி) உத்தரவு இருக்கும், பலகை வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து ஒரு லாப்ரடார் உங்களை நோக்கி ஓடி வரும். நம் கை தானாகக் குனிந்து கல் எடுக்கப் போகும், சேலத்தில் குனிந்தாலே போதும், நாய் பத்தடி பின்னால் போய்விடும். அங்கே குனிந்தால் பந்து போடப் போகிறீர்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக வரும்! கல்லை எறிந்து நாய்க்கு அடிபட்டால் விலங்கு வதை என்று வழக்கு உங்கள் மேல் திரும்பவும் இடம் இருக்கிறது. ஓடாதீர்கள், கையை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், நாயைக் கூப்பிடச் சொல்லி உரிமையாளரிடம் உரக்கச் சொல்லுங்கள். "ஹி இஸ் ஜஸ்ட் ஃப்ரெண்ட்லி" என்பார்கள். எனக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே எரிச்சல் வரும், ஆனால் எரிச்சலை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிடுவது நல்லது.

சாப்பாடு டெலிவரி, துண்டுச்சீட்டு போடும் வேலைக்குப் போகிறவர்கள் கதவில் இருக்கும் தபால் துவாரத்தைக் கவனியுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே போடாமல் நாய் நிற்கும், துவாரத்தின் மூடியைத் தள்ளி விரலை உள்ளே விட்டதும் கவ்வும். துணைக்கு ஒரு மரக் கரண்டி வைத்துக்கொண்டு அதனால் காகிதத்தைத் தள்ளுங்கள், தபால்காரர்களுக்கே ராயல் மெயில் இதற்கென்று ஒரு குச்சி கொடுத்திருக்கிறது. இப்படித் துவாரம் வழியாகக் கடித்தால் உரிமையாளர் வீட்டில் இல்லாவிட்டாலும் அவர் மேல் குற்றம் நிற்கும் என்று 2020இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் "நான்தானே கையை விட்டேன்" என்று நீங்களே உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம்.

கடித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, பாட்டி சொன்ன எதுவும் வேண்டாம். அவசரம் இல்லாத காயத்துக்கு 111 என்ற எண், போலீசுக்கு 101, நாய் இன்னும் பாய்ந்துகொண்டிருந்தால் 999. ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி போடவில்லை என்று நம்மவர்கள் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் நாய்களிடம் ரேபிஸ் இல்லை, வௌவால்களிடம் மட்டும் அந்த வகைக் கிருமி உண்டு, அதனால் அந்த ஊர் நாய் கடித்தால் தொற்று வராமல் மாத்திரை, தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசி, அவ்வளவுதான் தருவார்கள். காயத்தைப் படம் எடுங்கள், கிழிந்த பேண்ட்டைத் துவைக்காமல் வையுங்கள், எதிர் வீட்டுக் கதவில் கேமரா இருந்தால் அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இழப்பீடு கேட்க பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின் கீழ், நாயின் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்று காட்டினால் உங்கள் வழக்கு வலுப்படும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் "போன மாசம்கூட ஒருத்தரைக் கடிச்சுது" என்று சொன்னால் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் பெரும்பாலும் நாய்க் காப்பீட்டிலிருந்து வரும், அந்த மனிதர் பாவம் என்று இரக்கப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது இனம். பிரிட்டனில் தடை செய்த வகைகள் பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலீரோ, இவற்றோடு எக்ஸ்எல் புல்லி. கடைசியாகச் சொன்னதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 டிசம்பர் 31 முதல் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது, 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சான்றிதழ் உள்ளவர்களும் நாய்க்குக் கருத்தடை செய்து, மூன்றாம் நபர் காப்பீடு எடுத்து, வெளியே போகும்போது வாய்க்கூடும் கயிறும் போட வேண்டும், கயிறு பிடிப்பவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இதில் முக்கியமானது, சட்டம் பார்ப்பது தோற்றத்தை. அம்மா நாய் எது அப்பா நாய் எது, விற்றவன் என்ன பெயர் சொன்னான் என்பதெல்லாம் எடுபடாது. ஆண் நாய் 51 செ.மீ., பெண் நாய் 48 செ.மீ. உயரம் தொட்டு உடல்வாகும் ஒத்துப்போனால் எக்ஸ்எல் புல்லி வகை, இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். இணையத்தில் மலிவாக "புல்லி கிராஸ் குட்டி" என்று வந்தால் தொடாதீர்கள், குட்டியில் அது என்னவாக வளரும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த இனத் தடை நல்லதா என்று கேட்டால், எனக்கு அரைமனதுதான். வளர்ப்பவனை விட்டுவிட்டு நாயின் மூஞ்சியை அளப்பதாகத் தோன்றும். நம் ஊரிலும் 2024 மார்ச்சில் 23 இனங்களுக்குத் தடை போடச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை விட்டு, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் என் அபிப்பிராயம் உங்கள் நாயைக் காப்பாற்றாது, இருக்கும் சட்டப்படி நடங்கள்.

ஊருக்கு ஊர் இது மாறும். பர்மிங்ஹாமில் தாராளமாக வளர்க்கும் ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் கனடாவின் ஒன்டாரியோவில் 2005லிருந்து தடை, அதனால் லண்டனிலிருந்து டொரொன்டோவின் ஸ்கார்பரோவுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்டாரியோவில் நாய் கடித்தால், இதற்கு முன் கடித்ததே இல்லை என்ற வாதம் இழப்பீட்டு வழக்கில் எடுபடாது. கலிஃபோர்னியாவிலும் அப்படித்தான். டெக்சாஸில் நாயின் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்ற பழைய கேள்வி இன்னும் இருக்கிறது. இந்த இரண்டு மாநிலங்களிலும் நகராட்சி இனத்தைச் சொல்லித் தடை போட முடியாது, ஆனால் அபார்ட்மென்ட் ஒப்பந்தத்தில் பட்டியல் இருக்கும், ராட்வீலரும் சில இடத்தில் ஜெர்மன் ஷெப்பர்டும் அதில் வரும், காப்பீட்டு நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும். சிங்கப்பூரில் எச்டிபி எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் அனுமதித்த சிறு இனங்களில் ஒரே ஒரு நாய்தான்.

லீவில் சேலம் வரும்போது தெருநாய் கடித்தால் கணக்கு தலைகீழ். பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். பாதி ஊசியில் விமானம் ஏறுவதானால் எந்தத் தேதியில் எந்த மருந்து போட்டார்கள் என்ற சீட்டைப் பத்திரமாக எடுத்துப் போய் அங்கே டாக்டரிடம் காட்டி மீதியைத் தொடருங்கள், அங்கே போய்விட்டோம் என்று நிறுத்திவிடக் கூடாது.

ஏற்காட்டு அத்தை வீட்டு ராஜபாளையத்தைக் கூட்டிப் போகலாமா என்று அந்த மாடியில் கடைசியில் ஒரு பெண் கேட்டாள். ராஜபாளையம், சிப்பிப்பாறை எதுவும் பிரிட்டனின் தடைப் பட்டியலில் இல்லை. முதலில் மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் தடுப்பூசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு, அப்புறம் விமானத்தில் சரக்காக ஏற்ற வேண்டும். செப்டம்பரில் கூடவே போக வேண்டுமென்றால் ஏப்ரல் முடிவதற்குள் சிப்பும் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.