கடை வேலையும் மகப்பேறு விடுப்பும்: கையெழுத்துப் போடும் முன்

"நல்லபடியா பெத்து எடுத்துட்டு வாம்மா, வேலை எங்க போகுது? இப்போதைக்கு ஒரு ரிசைன் லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ." ஜவுளிக்கடையோ சூப்பர் மார்க்கெட்டோ, கர்ப்பமாக இருக்கும் பெண்ணிடம் சூப்பர்வைசர் இப்படித்தான் பேச்சை எடுப்பார். நல்ல மனதோடுகூடச் சொல்லலாம். ஆனால் அதில் கையெழுத்து விழுந்தால், நீங்களாகவே வேலையை விட்டதாக ஆகிவிடும். எழுத வேண்டியதை வாயால் சொல்லிவிட்டு, எழுதக் கூடாததை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பலன் கைநழுவுவது பெரும்பாலும் இப்படித்தான்.

எழுத வேண்டியது விடுப்புக் கடிதம். எந்தத் தேதியிலிருந்து லீவு, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும், லீவு நாளில் வேறு எங்கும் வேலை பார்க்க மாட்டேன், இவ்வளவு போதும். நகலில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து கேளுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முன்கூட்டியே கொடுக்க முடியாமல் போனால் பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம். தாமதத்தால் உரிமை போய்விடாது.

'சின்னக் கடைதானே, நமக்கெல்லாம் கிடையாது' என்று ஒதுங்குவதும் தவறு. ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் வேலை பார்த்தாலே அந்தக் கடை மகப்பேறு பலன் சட்டத்துக்குள் வந்துவிடும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கரு கலைந்தாலும் 6 வாரம் உண்டு, இதைப் பலர் கேட்பதே இல்லை. 1961 சட்டத்திலும் 2017 திருத்தத்திலும் இருந்த இந்த உரிமைகள், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வருகின்றன. ஏஜென்சி மூலம் வந்து காஸ்மெட்டிக்ஸ் கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், 26 வாரப் பணத்தைக் கொடுப்பது கடை அல்ல, இ.எஸ்.ஐ. கழகம். 'ஆறு மாசம் சும்மா சம்பளம் குடுக்கக் கட்டுப்படியாகாது' என்ற முதலாளியின் வாதம் இங்கே நிற்காது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். மாதம் 26 நாள் வேலை பார்த்தவருக்கு நாள்களை மிகவும் குறைத்துக் காட்டியிருந்தால் அது லீவு போடும் நேரத்தில்தான் தெரியவரும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: 14,000 ரூபாய் சம்பளத்துக்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். தொகை குறைந்தால் அப்போதே கேளுங்கள். வவுச்சரில் சம்பளம் வாங்குபவர்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்வது நல்லது. வேலை பார்த்ததற்கு அதுவே சாட்சி.

நிற்பதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. பல தளங்களில் நாற்காலி இருக்கும். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்து மேனேஜரின் போன் வரும். கர்ப்பிணிக்கு இதைத் தாண்டியும் ஒரு பாதுகாப்பு உண்டு: பிரசவத் தேதிக்கு ஏறத்தாழ பத்து வாரம் இருக்கும்போதிலிருந்து நெடுநேரம் நிற்கும் வேலையோ கடினமான வேலையோ கொடுக்கக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். பில்லிங்குக்கு மாற்றச் சொல்லி, அதையும் எழுத்திலேயே கேளுங்கள்.

திரும்பி வந்தபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை, வழக்கமான ஓய்வு நேரம் போக. 50 பேருக்குக் குறையாத இடமென்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும்.

லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் அது செல்லாது. 'குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள். முறையிட 60 நாள்தான் அவகாசம். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு விடுப்புக் கடித நகல், ஸ்கேன் ரிப்போர்ட், சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள்.