புக்கெட்டில் மணி என்ன? க்ரூஸ் பயணத்தில் கரைக்கு இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன முறை புக்கெட்டில் கரைக்கு இறங்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தப் பெண் கைப்பேசியில் ஏரோபிளேன் மோடை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "ஏங்க, இங்க மணி எட்டுதான் ஆகுது. ஒரு மணி நேரம் கூடுதலா கிடைச்சிருக்கு" என்று கணவரிடம் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே கடற்கரையில் அதே கணக்கைப் போட்டுத்தான் நான் ஒரு முறை கப்பலைக் கோட்டை விட்டேன்.

சிங்கப்பூரில் குடியிருந்தால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை யாராவது கப்பலில் கூட்டிப்போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது நான்தான். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர் என்று அதே சுற்று இதுவரை ஏழு முறை ஆகிவிட்டது. தொப்பி, தண்ணீர் பாட்டில், சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

பினாங்கில் மலைக்கு ஓடுவது

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராகக் கரையை ஒட்டியே நிற்கும். வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர் உங்கள் காலடியில் கிடக்கிறது. ஆனால் முதல் முறை வருபவர்கள் டாக்ஸி பிடித்து நேராகப் பினாங்கு மலைக்குத்தான் போவார்கள். 1923இல் ஓட ஆரம்பித்த அந்த மலை ரயில் அருமையானது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கப்பல் வரும் நாளில் எல்லாருக்கும் அதே யோசனைதான் வரும். ஊர் நெரிசலில் போய், ரயிலுக்கு வரிசையில் நின்று, மேலே போனால் மேகம் மூடியிருக்கும். இறங்குவதற்கும் ஒரு வரிசை. என் நாத்தனார் குடும்பத்தோடு போன அன்று மேலே இருந்தது இருபது நிமிஷம். மற்ற நேரமெல்லாம் யாரோ ஒருவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நடந்தே சுற்றுங்கள். கார்ன்வாலிஸ் கோட்டை, அங்கிருந்து மார்க்கெட் தெரு, குயின் தெருவில் 1833இல் எழும்பிய மகாமாரியம்மன் கோவில், கொஞ்சம் தள்ளித் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அப்புறம் நாசி கண்டார். கண்டார் என்பது காவடித்தண்டு. ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் குழம்பு என்று தோளில் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு நம் ஆட்கள் விற்ற சாப்பாடு அது. கடையில் "பஞ்சிர்" என்று சொன்னால் நாலைந்து குழம்பைச் சேர்த்து ஊற்றித் தருவார்கள். அந்த மலாய்ச் சொல்லுக்கு வெள்ளம் என்று அர்த்தம்.

கைப்பேசியைப் பார்த்து மணி சொல்வது

இதைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே மணிதான். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். சிங்கப்பூரில் மாலை ஐந்து என்றால் புக்கெட்டில் நாலு. ஆனால் இந்தச் சுற்றில் போகும் கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் மணியிலேயே ஓடும். சாப்பாடு, நிகழ்ச்சி, கடைசிப் படகு எல்லாமே அந்த மணிதான். கப்பலுக்கு ஒரு மணி, கரைக்கு ஒரு மணி என்று உங்கள் கைப்பேசிக்குத் தெரியாது. தாய்லாந்து டவர் கிடைத்த அந்த நொடியே, உங்களைக் கேட்காமல், முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடும்.

இதில் பொல்லாத விஷயம், முதல் நாள் பினாங்கில் ஒன்றுமே நடக்காது. அங்கே கைப்பேசியும் கப்பலும் ஒரே மணியைக் காட்டும். சிக்கல் ஒன்றும் இல்லை என்று மனசில் பதிந்துவிடும். மறுநாளும் அதே தைரியத்தில் இறங்குவோம். சூரியனைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டன. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணிக்கு மேல்தான். இந்தப் பக்கத்து வெயிலை நம்பி எந்தக் கணக்கும் போட முடியாது.

எங்கள் கதை இது. நான், வீட்டுக்காரர், பையன், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார். கப்பல் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டிருந்தது. இறங்கும் வாசலில் பெரிய பலகை: கடைசி டெண்டர் 5:00. டெண்டர் என்றால் கப்பலுக்கும் கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் சிறு படகு. நாங்கள் மலைச்சாலை வழியாக மறு பக்கம் இறங்கிப் புக்கெட் பழைய நகரத்துக்குப் போனோம். ஈயச் சுரங்கக் காலத்துச் சீனப் பணக்காரர்கள் கட்டிய வீடுகள், இளநீலமும் மஞ்சளுமாக வரிசையாக நிற்கும் தாலாங் தெரு. தேங்காய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஒரு வாசல் படியில் உட்கார்ந்தோம்.

என் கைப்பேசி 3:10 காட்டியது. அரை மணியில் கிளம்பினாலும் நாலே காலுக்குப் பாத்தோங் போய்விடலாம், அதன் பிறகும் முக்கால் மணி நேரம் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

மாமியார் கையில் பழைய எச்.எம்.டி. கடிகாரம், சாவி கொடுப்பது. சிங்கப்பூர் வந்த அன்று வீட்டுக்காரர் முள்ளைத் திருப்பி வைத்துக் கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நாலு பத்து ஆச்சே, கிளம்ப வேணாமா?" என்றார்.

"அத்தை, உங்க வாட்ச் வேகமா ஓடுது. சாவி சரியா கொடுத்தீங்களா?" என்றேன்.

வீட்டுக்காரரின் ஸ்மார்ட் வாட்ச் 3:10. பையனின் கைப்பேசி 3:10. எதிர்க்கடைச் சுவர்க் கடிகாரமும் 3:10. நாலு கடிகாரம் ஒரு பக்கம், எச்.எம்.டி. ஒரு பக்கம். யாரை நம்புவோம்? அந்த அரை மணியும் ஒரு துணிக்கடையில் போனது. அதன் பிறகுதான் வண்டி பிடித்தோம்.

பாத்தோங் கரைக்கு வந்தபோது என் கைப்பேசியில் நாலே கால். மிதவைத் துறையில் ஒருவரும் இல்லை. காலையில் கூடாரம் போட்டுக் குளிர்ந்த துண்டும் எலுமிச்சை ஜூஸும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் மணல் மட்டும். நிமிர்ந்து பார்த்தால், தூரத்தில் கப்பலின் விலாவில் ஓர் ஆரஞ்சுப் படகு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதுதான் கடைசி டெண்டர், அதைத்தான் கம்பியில் இழுத்து அதன் இடத்தில் மாட்டுகிறார்கள் என்று புரியவே எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் உங்கள் கார்டை ஸ்கேன் செய்வதால், யார் திரும்பவில்லை என்று கப்பலுக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவார்கள். எங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டதாகப் பக்கத்து கேபின்காரர் பிறகு சொன்னார். வரவில்லை என்றால் உங்கள் பாஸ்போர்ட்டைக் கரையில் கப்பலின் வேலைகளைப் பார்க்கும் உள்ளூர்ப் பிரதிநிதியான போர்ட் ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். இந்தச் சுற்றில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கப்பல்கள் உண்டு. எங்களுடைய நாலும் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஏஜென்ட் கையில் வந்து சேர்ந்தன. அவருக்கு இது வாடிக்கை போல, முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

பெட்டியெல்லாம் கப்பலில். மாமியாரின் பிரஷர் மாத்திரையும் கப்பலில். மருந்துக்கடையில் பெயர் சொல்லத் தெரியாமல், கைப்பேசியில் பழைய மருந்துச் சீட்டின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டி வாங்கினோம். இரவுக்கு ஓர் அறை, மாற்றுத் துணி, மறுநாள் நாலு பேருக்கு விமான டிக்கெட். ஆயிரத்து ஐந்நூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போனது. விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. கப்பலுக்கு முன்னாலேயே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து, க்ரூஸ் முனையத்தில் எங்கள் பெட்டிகளுக்காக நாங்களே காத்திருந்தோம்.

இப்போது நான் செய்வது: கைப்பேசியில் தானாக மணி மாற்றும் அமைப்பை முதல் நாளே அணைத்துவிடுவேன். எல்லாருடைய கைப்பேசியிலும்தான். அப்புறம், இறங்கும் வாசலில் இருக்கும் பலகையையும் பக்கத்தில் இருக்கும் கப்பல் கடிகாரத்தையும் ஒரே படமாக எடுத்துவைப்பேன். சில கப்பல்கள் முந்தின இரவே அறிவித்துத் தங்கள் மணியையும் தாய்லாந்துக்கு மாற்றும். எந்த மணி என்று வாசலில் நிற்பவரைக் கேட்டால் இரண்டு நொடியில் சொல்லிவிடுவார். அறைக்கு வரும் தினசரித் தாளில் ஏஜென்டின் எண் இருக்கும், அதையும் படம் எடுங்கள். ஒரு நாள் மாத்திரையைக் கைப்பையில் போடுங்கள்.

எச்.எம்.டி. கதை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்னமும் ஓடுகிறது. வருஷா வருஷம் அதில் மாமியாரின் வசனம் கூடிக்கொண்டே போகிறது.

டெண்டர் என்பதைப் பஸ் என்று நினைப்பது

பாத்தோங்கில் கப்பல் கரைக்கு வராது, படகில்தான் போய் வர வேண்டும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்ப்பார்கள். டோக்கன் கொடுப்பார்கள், கூப்பிடும்வரை நடைபாதையில் முட்டிக்கொண்டு நிற்காமல் இட்லி கிடைக்கிறதா என்று பஃபேயில் பாருங்கள். உண்மையான கூட்டம் திரும்பும்போதுதான். கடைசி ஒரு மணி நேரத்தில் மொத்தக் கப்பலும் வெயிலில் வரிசையாக நிற்கும். வயதானவர்கள் இருந்தால் கடைசிப் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், அலை ஆடும்போது படகுக்குத் தாண்டிக் கால் வைக்க வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை பலமாக இருக்கும். சில நாள் இறங்கவே விடமாட்டார்கள். கேப்டனோடு சண்டை போட்டுப் பயனில்லை.

கப்பல் டூரைக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்பது

விலை அதிகம்தான். ஆனால் கப்பல் நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பாடு. வெளியே பேரம் பேசிப் பிடித்த வேன் தாமதமானால் அது உங்கள் பாடு. என் வழக்கம் இதுதான்: பழைய நகரம், சலோங் புத்தர் கோவில் மாதிரி தரைவழியில் போய் வரக்கூடியதற்கு நாமே வண்டி பிடிக்கலாம், ஏறுவதற்கு முன்பே போக வர இரண்டுக்கும் கூலி பேசிவிட வேண்டும். பீ பீ தீவு, பாங் நா விரிகுடா மாதிரி வேகப் படகில் கடல் தாண்டிப் போவதற்குக் கப்பல் டூர்தான். அரை நாள் மட்டும் நிற்கும் கப்பலில் வந்துவிட்டுப் பீ பீக்குத் தனியாகப் போகிறேன் என்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை.

சிவப்புக் கொடி

கடற்கரையில் அது பறந்தால் கடலில் குளிக்காதீர்கள். முழங்கால் வரைக்கும்தானே என்பதும் குளிப்பதுதான்.

ஜெட் ஸ்கி

எடுக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்பார்கள்.

வேப்

வேப் என்கிற மின் சிகரெட் தாய்லாந்தில் சட்டப்படி குற்றம். கேபினிலேயே விட்டுவிட்டும் போக வேண்டாம், சிங்கப்பூரிலும் குற்றம்தான்.

நடுக்கடலில் ஏரோபிளேன் மோடை அணைப்பது

கப்பலுக்கென்று ஒரு செயற்கைக்கோள் நெட்வொர்க் உண்டு. உங்கள் ரோமிங் திட்டத்தில் அது சேராது. கைப்பேசி அதைத் தானாகப் பிடித்துக்கொண்டால் பில் தனியாக வரும். கரையில் கால் வைத்த பிறகு அணையுங்கள், படகில் ஏறும்போது மறுபடி போடுங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் தோளைத் தட்டிச் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், "இல்லைங்க்கா, இதுல கரெக்டாதான் காட்டும்" என்றார். வாசலில் நின்ற பணியாளரைக் காட்டி, அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். கேட்டார். மாலையில் மூணரைக்கே அவர்களைப் படகு வரிசையில் பார்த்தேன். கப்பல் மணி மூணரை.