ஏடிஎச்டி மருந்தின் பலனை வீட்டில் கவனிப்பது எப்படி?

ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு) உள்ள குழந்தைக்கு மருத்துவர் மீத்தைல்ஃபெனிடேட் எழுதிக்கொடுத்திருந்தால், குழந்தை அமைதியாக உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து அதன் பலனை அளக்க வேண்டாம். நரம்புச் செல்கள் தங்களுக்குள் செய்தி கடத்த வெளிவிட்ட டோபமைன், நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் மீண்டும் உள்ளிழுக்கப்படுவதை இம்மருந்து தடுப்பதால், மூளையின் முன்பகுதிப் புறணியிலும் மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியிலும் அவற்றின் அளவு கூடுகிறது. எழுந்த உந்துதலை அடக்கி, எடுத்த வேலையில் நிலைத்திருக்கும் திறன் பெரிதும் இப்பகுதிகளையே சார்ந்தது. ஆய்வுக்கூடத்தில், ஒரு குறிக்குப் பொத்தானை அழுத்தவும் மற்றொன்றுக்குக் கையை நிறுத்திக்கொள்ளவும் சொல்லி இத்திறனை அளப்பார்கள்.

வீட்டில் ஒரு குறிப்பேடு போதும். மருந்து தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்குங்கள், இல்லையேல் ஒப்பிட ஒன்றுமிராது. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வது, விளையாட்டில் தன் முறைக்குக் காத்திருப்பது, வீட்டுப்பாடத்துக்கு எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருந்தது என்பவற்றை நேரத்துடன் குறியுங்கள். உடனடியாகச் செயல்படும் மாத்திரையின் விளைவு சுமார் 3 முதல் 4 மணி நேரமே நீடிப்பதால், காலை 8 மணிக்குக் கொடுத்த மருந்தின் பலனை மாலையில் தேடுவது வீண் (பெற்றோர் எளிதில் செய்யும் தவறு இது). வகுப்பாசிரியரைக் கேட்பதே முறை.

பசி, தூக்கம், எடை, உயரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவர் பார்ப்பார். குழந்தை வழக்கமான கலகலப்பை இழந்து மந்தமாகத் தோன்றினால் அதை முன்னேற்றமாகக் கொள்ளாமல், மருந்தின் அளவை நீங்களாகவும் மாற்றாமல், குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.