பள்ளியில் மட்குக் குவியல்: முதலில் குப்பையை எடை போடுங்கள்

சுற்றுச்சூழல் மன்றம் என்றாலே மரக்கன்று நடுவது என்றாகிவிட்டது. நானும் பிள்ளைகளோடு நட்டேன். நீண்ட விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பாதிக்கு மேல் காய்ந்துபோயின. திரும்பி வந்த பிள்ளைகள் அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றது எனக்கு இன்னும் வலிக்கிறது. அதற்குப் பிறகுதான், அன்றாடம் பள்ளியிலேயே சேர்கிற, பிள்ளைகள் கையாலேயே தீர்க்கக்கூடிய ஒன்றை எடுத்தேன். குப்பை.

உணவு மிச்சத்தையும் காய்ந்த இலையையும் குவித்து மட்கவிட்டு உரமாக்கலாம். ஆனால் உடனே குழி வெட்ட ஓடாதீர்கள். முதலில் ஐந்து நாள் எடை போடுங்கள். தார்ப்பாய் விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, உணவு மிச்சம், காகிதம், பிளாஸ்டிக், மற்றவை என்று பிரித்துத் தராசில் நிறுத்து, வாசல் பலகையில் எழுதச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்தான் அதிகம் இருக்கும் என்று எங்கள் பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். பிளாஸ்டிக் இடத்தை அடைத்ததே தவிர எடையில் ஒன்றுமில்லை. மதியச் சாப்பாட்டு மிச்சம்தான் முதலில் நின்றது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு நான் எதையும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

நிழலான, தண்ணீர் தேங்காத மண்தரையாகப் பாருங்கள். கிணற்றுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம். குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடி இருக்கட்டும். சின்னக் குவியலில் சூடு நிற்காது. காற்றுப் புக இடைவெளி விட்ட இரண்டு தொட்டிகள் தேவை. ஒன்று நிரம்பும்போது மற்றது மட்கிக்கொண்டிருக்கும்.

ஒரு வாளி உணவு மிச்சத்துக்கு இரண்டிலிருந்து மூன்று வாளி காய்ந்த இலை. இந்த அளவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற அளவில் வேண்டும். உணவு மிச்சத்தில் நைட்ரஜன் கூடுதல், சருகில் கார்பன் கூடுதல். மேல் அடுக்கு எப்போதும் சருகாக இருந்தால் ஈ மொய்க்காது. இறைச்சி, எலும்பு, பால், எண்ணெய் போடாதீர்கள், எலி வரும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

மூன்று நான்கு நாளில் நடுப்பகுதி 50, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் விட்டு, துணியால் பிடித்து உருவச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கம்பியின் நுனிக்குப் பக்கத்தில் புறங்கையை மெல்லக் கொண்டுபோய், "மிஸ், இதுக்குக் காய்ச்சல் அடிக்குது" என்றாள். கோடிக்கணக்கான உயிர்கள் தின்று மூச்சுவிடுகிற சூடு அது. பாக்டீரியா பாடத்தை நான் அங்கேதான் நடத்துகிறேன். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் தணிந்த சூடு மறுபடி ஏறும். கிளறும்போதும் சலிக்கும்போதும் பூஞ்சைத் தூசி பறக்கும் என்பதால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கெழுதும் வேலை கொடுங்கள். எல்லாருமே முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

முதல் தடவை சருகு போதாமல் வெறும் மிச்சத்தைக் கொட்டிவிட்டோம். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வாசலுக்கே வந்துவிட்டார்கள். காற்றுப் போகாமல் அழுகினால் அப்படித்தான் நாறும். மன்னிப்புக் கேட்டோம், அன்றே கிளறிச் சருகு கலந்தோம், சில நாளில் நாற்றம் அடங்கியது. அப்போதுதான் தோன்றியது: அவர்கள் கூட்டிக் கொளுத்துகிற இலைதானே நமக்குத் தேவை? "கொளுத்தாதீங்க, நாங்க வந்து அள்ளிக்கிறோம்" என்று பிள்ளைகளே போய்க் கேட்டார்கள். இப்போது சனிக்கிழமைதோறும் சாக்கோடு போகிறார்கள். தெருவில் புகை குறைந்தது. சலித்த உரத்தில் முதல் மூட்டை அந்த வீடுகளுக்குத்தான் போகிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தாமதமாக வந்தவனையும் வீட்டுப்பாடம் எழுதாதவளையும் குப்பை அள்ள அனுப்பாதீர்கள். ஒரே ஒருநாள் அது தண்டனையானால் போதும், மறுநாள் முதல் யாரும் விரும்பி வரமாட்டார்கள். அந்த வேலையை நாள்தோறும் செய்து பிழைக்கிறவர்களைப் பற்றியும் ஒரு தவறான பாடம் கற்றுக்கொடுத்தவர்களாவோம். வாரத்துக்கு ஆறு பேர், எல்லா வகுப்பிலிருந்தும், முறை வைத்து வரட்டும். ஆசிரியர்களுக்கும் முறை உண்டு.

பருவத்துக்கு ஒருமுறை மறுபடி எடை போடுங்கள். உரம் எவ்வளவு கிடைத்தது என்பதைவிட, தட்டில் மிச்சம் எவ்வளவு குறைந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

இரண்டு மூன்று மாதத்தில் குவியல் கறுத்து உதிர்ந்து, மழை பெய்த மண்போல் மணக்கும். அதன்பின் ஒரு மாதம் ஆறவிட்டுச் சலியுங்கள். நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் போடவேண்டாம். நன்றாகக் கிளறி, நனைத்து, சாக்கால் மூடிவிட்டுப் போங்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டாலும் அது தன்பாட்டில் மட்கிக்கொண்டிருக்கும். பள்ளி திறந்த முதல் நாள் பிள்ளைகள் சாக்கைத் தூக்கிப் பார்க்கட்டும்.