ஸ்டீம் ஷவல் மாடல்: பூம் மட்டும்தான் திரும்பும்

ஸ்டீம் ஷவல் என்பது தண்டவாளத்தில் நகர்ந்து மண் அள்ளும் நீராவி இயந்திரம். பனாமா கால்வாய்க்காக அமெரிக்கர்கள் வாங்கிய 102 ஸ்டீம் ஷவல்களில் 77 பியூசைரஸ் கம்பெனியின் தயாரிப்பு. அவற்றில் 95 டன் ரகத்தைத்தான் இங்கே செய்யப்போகிறோம். 1906இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதும் இந்த ரகத்தில்தான்.

முதலில் அளவு. 1:48, அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பனாமா ரயில் பாதையின் அகலம் 5 அடி. அதை 48ஆல் வகுத்தால் 31.75 மி.மீ. கடையில் கிடைக்கும் ஓ கேஜ் என்ற மாடல் ரயில் தண்டவாளமும் அதே அகலம்தான். தண்டவாளம் செய்யும் வேலை மிச்சம்!

அடுத்து உடல். இது பொக்லைன் மாதிரி கூண்டோடு சுற்றாது. கூண்டு ரயில்பெட்டி போல அசையாமல் நிற்கும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கை, அதாவது பூம், மட்டும் இடமும் வலமும் திரும்பும். அதனால் 1.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் நீளப் பெட்டி ஒன்று செய்து, அதன் முன்முனையில் மட்டும் சுழலும் வட்டத்தட்டைப் பொருத்துங்கள். பின்பக்கம் கொதிகலன். நிஜத்தில் பூமுக்கு எதிர்ப்பாரமும் அதுவே. மாடலில் கொதிகலன் குழாய்க்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை நிரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மூக்கு குத்திக்கொண்டு விழும்.

இனி பூம். நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். பூம் என்பது ஒரே கட்டை அல்ல. இரண்டு பக்கத் தகடுகள், நடுவே பக்கெட் தண்டு நுழையும் இடைவெளி. நான் முதல்முறை இரண்டு தகடுகளையும் ஒட்டி முடித்துவிட்டு, ஒரு முனையில் பக்கெட்டும் மறுமுனையில் முட்டுக்கட்டையும் மாட்டிய தண்டு இடைவெளிக்குள் நுழையாமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். உடைத்துத்தான் சரிசெய்ய முடிந்தது. ஆகவே ஒரு தகடு, அப்புறம் தண்டு, அதன் மேல் மறு தகடு. தண்டின் அடியில் பல்சட்டம் (வரிசையாகப் பற்கள் உள்ள பட்டை) ஒட்டுங்கள். பூமின் மேலே ஒரு சின்ன எஞ்சின் உண்டு, தண்டை மண்ணுக்குள் தள்ளுவது அதுதான்.

நிஜ பக்கெட்டின் கொள்ளளவு 5 கன கெஜம். அதைக் கனசதுரமாக நினைத்தால், 1:48இல் ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 33 மி.மீ. என்று கணக்கு வரும், பக்கத்தில் நிற்கும் ஆள் பொம்மையின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. பக்கெட் கவிழாது. அடிக்கதவு திறந்துதான் மண் கொட்டும், அதனால் கதவுக்குக் குண்டூசியில் ஒரு கீல் வையுங்கள். தூக்கும் சங்கிலிக்கு மெல்லிய கவரிங் சங்கிலி போதும்.

முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஜாக்கி கால்கள் வரவேண்டும். பூம் பக்கவாட்டில் திரும்பும்போது வண்டி சாயாமல் தாங்குபவை இவை. பித்தளைக் கம்பியில் செய்து, காலடியில் தீக்குச்சித் துண்டுகளை அடுக்குங்கள்.

பெயின்ட் காய்ந்ததும் துரு நிறத்தைக் கண்ட இடமெல்லாம் பூசாதீர்கள். பக்கெட்டின் பற்கள் நாள் முழுக்கப் பாறையில் உரசுபவை, அங்கே துரு பிடிக்க நேரமே இருக்காது. 6பி பென்சில் தூளை விரலால் தேய்த்தால் அந்த இரும்புப் பளபளப்பு வரும். கரியெல்லாம் புகைபோக்கியைச் சுற்றி மட்டும்.

கடைசியாக ஆட்கள். ஓட்டுநர் கூண்டுக்குள் நிற்பார். இன்னொருவர் பூமின் மேலேயே நின்று, தண்டைத் தள்ளுவதையும் அடிக்கதவைத் திறப்பதையும் பார்த்துக்கொள்வார். அவரை மறந்துவிடாதீர்கள்.